சரித்திர நாவல்: எதைப் படிப்பது, எதை நம்புவது?

பொன்னியின் செல்வனைப் படித்து முடித்தவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, "நந்தினி நிஜமாகவே இருந்தாளா?" இரண்டாவது, "அடுத்து என்ன படிக்கலாம்?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு. நூலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் முதல் புத்தகக் கண்காட்சி ஸ்டால்காரர் வரை எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். முதல் கேள்விக்குத்தான் பதில் தேடுபவர்கள் குறைவு. 2022லும் 2023லும் மணிரத்னத்தின் இரண்டு பாகத் திரைப்படம் வந்தபோது இந்த விஷயம் பளிச்சென்று தெரிந்தது. படம் நாவலை மாற்றிவிட்டது என்று சண்டை போட்டவர்கள் ஆயிரம் பேர். நாவல் சரித்திரத்தை எங்கெல்லாம் மாற்றியிருக்கிறது என்று கேட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

இந்தக் கட்டுரை இரண்டு கேள்விகளையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. படிக்க வேண்டிய நாவல்களையும், ஒவ்வொரு நாவலுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கல்வெட்டு, செப்பேடு அல்லது டைரியையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் முன்கதை

தமிழில் சரித்திர நாவல் கல்கியோடு ஆரம்பிக்கவில்லை. 1895இல் வெளியான 'மோகனாங்கி'தான் முதல் தமிழ்ச் சரித்திர நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எழுதியவர் இலங்கையின் திருகோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப் பிள்ளை. நாயக்கர் காலக் கதை அது. இன்று அதன் பெயர் தெரிந்தவர்கள்கூட அதிகம் இல்லை. அதற்குச் சுமார் ஐம்பது வருடம் கழித்து, வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்ற வாகனம் கிடைத்த பிறகுதான் சரித்திர நாவல் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அந்த வாகனத்தை ஓட்டியவர் கல்கி (1899 - 1954).

ஒரு சரித்திர நாவலை எப்படி எடை போடுவது? கடைக் கணக்கு மாதிரி பார்த்தால் சுலபம். கடை திறப்பவர் தன் சொந்தப் பணத்தில் கொஞ்சம் போடுவார், வெளியில் கடன் வாங்கிக் கொஞ்சம் போடுவார். சரித்திர நாவலாசிரியரும் அப்படித்தான். சரித்திரத்திடம் கடன் வாங்கியது ஒரு பங்கு, கற்பனை என்ற சொந்த முதல் ஒரு பங்கு. கடன் வாங்குவதில் தப்பே இல்லை, கடனையும் முதலையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டால்தான் கணக்கு கெட்டுப்போகும். அந்தக் கணக்கைப் பிரித்து எழுத வேண்டியவர் வாசகர்.

1. பொன்னியின் செல்வன் - கல்கி

தொடங்குவதற்கு இதைவிட நல்ல நாவல் கிடையாது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். "அவ்வளவா?" என்று மலைக்க வேண்டாம். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தைத் திறந்தால் போதும், மிச்சத்தைக் கல்கி பார்த்துக்கொள்வார். வாராவாரம் வாசகனைக் கட்டிப்போட வேண்டிய தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு முன்னால் கீழே வைக்க முடியாது.

சரி, இதில் கடன் எவ்வளவு? சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், அருள்மொழி, குந்தவை, செம்பியன் மாதேவி, உத்தம சோழர் எல்லோரும் இருந்தவர்கள். அமைச்சர் அநிருத்தப் பிரம்மராயரும் இருந்தவர்தான். சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடுகள் சொல்கின்றன. பழுவேட்டரையர்கள் சோழர்களோடு பெண் கொடுத்து, பெண் எடுத்த குறுநில மன்னர் குடும்பம். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூன்று பேரும் கல்கியின் சொந்த முதல்.

வந்தியத்தேவன்? இங்கேதான் ஆச்சரியம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவை கொடுத்த தானங்களைக் குறிப்பிடும்போது, அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று ஒரு அடைமொழி வருகிறது. அவர் எந்த ஊர்க்காரர், எப்படிச் சிரிப்பார், யாரிடம் வம்பு இழுப்பார் என்றெல்லாம் அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கணவர் பெயர் என்ற ஒரே ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு, தமிழர்கள் மூன்று தலைமுறையாகக் கொண்டாடும் ஒரு வீரனைக் கல்கி செய்துவிட்டார்.

நாவலின் மையம் ஆதித்த கரிகாலன் கொலை. இது உண்மையில் நடந்தது. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரம்மாதிராஜன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலமும் பறிமுதல் செய்யப்பட்டது. கல்வெட்டின் முக்கிய நோக்கம் கொலையைப் பற்றிச் சொல்வது இல்லை. பறிமுதலான நிலத்தைச் சபை ஒருவருக்கு விற்றது, அவர் அதை அறத்துக்கு எழுதிவைத்தார் என்று பதிவு செய்வதுதான் அதன் வேலை. ஒரு இளவரசனின் கொலை வழக்கில் நமக்கு மிஞ்சிய முக்கிய சாட்சி ஒரு நில விற்பனைப் பத்திரம்!

இன்னொரு வேடிக்கை. அந்தக் காட்டுமன்னார்கோயில்தான் அன்றைய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், அதை ஒட்டியே இருக்கிறது. நாவலின் முதல் பக்கமும் கொலைக்கான கல்லும் ஒரே ஊரில்!

கொன்றவர்கள் பெயர் தெரிகிறது. ஏவியவர் யார்? கொலை நடந்தது சுமார் 970ஐ ஒட்டி. அதன் பிறகு ஆட்சிக்கு வந்தவர் உத்தம சோழர். ராஜராஜன் அரியணை ஏறியது 985இல். இடைப்பட்ட காலத்தில் குற்றவாளிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை என்று கேட்டு, உத்தம சோழர் மேல் சந்தேகப்பட்டார் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, மக்கள் அருள்மொழியை அரசனாகச் சொன்னபோதும் சிற்றப்பா விரும்பும்வரை வேண்டாம் என்று அவர் ஒதுங்கினார் என்கின்றன. ஆனால் அந்தச் செப்பேடு ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டது. அப்பாவைப் பற்றி மகன் காலத்தில் எழுதிய வரி என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

இந்த இடைவெளிக்குள்தான் கல்கி கடம்பூர் மாளிகையைக் கட்டினார், நந்தினியைக் கொண்டு வந்து நிறுத்தினார். கொலை எந்த இடத்தில் நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை, கடம்பூர் கல்கி தேர்ந்தெடுத்த இடம். நாவலின் கடைசித் திருப்பமும் அவர் சொந்த முதல்தான். (இன்னும் படிக்காதவர்களுக்காக அது என்ன என்பது இங்கே வேண்டாம்!)

இதெல்லாம் தெரிந்தால் நாவலின் சுவை குறைந்துவிடுமா? கூடத்தான் செய்யும். எவ்வளவு குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய விருந்து சமைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரியும்.

2. சிவகாமியின் சபதம் - கல்கி

பொன்னியின் செல்வனைவிட இதுதான் ஒரு படி மேல் என்று அடித்துச் சொல்லும் வாசகர்கள் உண்டு. நான்கு பாகம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன் என்ற மாமல்லன், தளபதி பரஞ்சோதி, நடனக்காரி சிவகாமி. வாதாபி எரிந்த பிறகுதான் வருவேன் என்று சிறையிருக்கும் சிவகாமி எடுக்கும் சபதமும், அந்தச் சபதம் நிறைவேறும் நேரத்தில் அவளுக்கு எதுவும் மிஞ்சாமல் போவதும்தான் கதை. சந்தோஷமான முடிவை எதிர்பார்த்துப் படிக்காதீர்கள்.

கடன் பக்கம்: சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் மேல் படையெடுத்து வந்ததும், 642இல் பல்லவப் படை வாதாபியைப் பிடித்ததும் உண்மை. வாதாபி, அதாவது கர்நாடகத்தின் பாதாமியில், பாறையில் வெட்டிய நரசிம்மவர்மனின் கல்வெட்டே சாட்சி. பரஞ்சோதி பிற்பாடு சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. அது 12ஆம் நூற்றாண்டு நூல், போர் நடந்து சுமார் ஐந்நூறு வருடம் கழித்து எழுதப்பட்டது. சிவகாமி, ஆயனர், நாகநந்தி மூவரும் கற்பனை.

இன்னொரு செய்தியும் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பரஞ்சோதி வாதாபியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரியபுராணத்தில் வாதாபியிலிருந்து யானை, குதிரை, செல்வம் எல்லாம் வருகின்றன, பிள்ளையார் வரவில்லை.

இந்த நாவலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. தமிழ் வாசகனுக்குப் புலிகேசி வில்லன். 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'க்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே வடிவேலுவின் மீசைதான் ஞாபகம் வரும். ஆனால் கர்நாடகத்தில் அவன் மாவீரன். 1967இல் ராஜ்குமார் நடித்து 'இம்மடி புலிகேசி' என்ற கன்னடப் படமே வந்திருக்கிறது. ஐஹொளே கல்வெட்டில் (634) புலிகேசியின் புலவர் ரவிகீர்த்தி, பல்லவ மன்னன் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்று பெருமையாகப் பாடியிருக்கிறார். அதே முற்றுகை நம் நாவலில் மகேந்திரவர்மனின் ராஜதந்திரமாக வருகிறது. மதில் ஒன்றுதான், உள்ளே நின்று பார்த்தால் ஒரு கதை, வெளியே நின்று பார்த்தால் வேறு கதை.

3. வேங்கையின் மைந்தன் - அகிலன்

ராஜராஜன் கதை முடிந்ததும் "மகன் என்ன ஆனான்?" என்று கேட்பவர்களுக்கு இந்த நாவல். அகிலன் (1922 - 1988) எழுதியது, 1963இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. தமிழில் முதல் ஞானபீடப் பரிசும் (1975) பின்னால் அகிலனுக்குத்தான் கிடைத்தது, அது 'சித்திரப்பாவை'க்காக. கொடும்பாளூர் இளவரசன் இளங்கோவைக் கதாநாயகனாக வைத்து, ராஜேந்திர சோழனின் ஈழப் போர், கங்கைப் படையெடுப்பு, கங்கைகொண்ட சோழபுரம் என்று கதை விரிகிறது. கல்கியின் கிண்டலும் துள்ளலும் இதில் இல்லை. கொஞ்சம் நிதானமான நடை.

இதில் வரும் பாண்டியர் மணிமுடி விவகாரம் முழுக்க முழுக்கச் சரித்திரம். முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன், மணிமுடியையும் மற்ற அரச சின்னங்களையும் ஈழத்து மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போய்விட்டான். பராந்தகன் கேட்டும் கிடைக்கவில்லை, படை அனுப்பியும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1017ஐ ஒட்டி ராஜேந்திரன் அதைக் கைப்பற்றினான். அவன் மெய்க்கீர்த்தியில் இது தவறாமல் இடம்பெறும்.

இதன் மறுபக்கமும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இலங்கையின் சூளவம்சம் இதே படையெடுப்பை, விகாரைகளை உடைத்துச் செல்வத்தை அள்ளிக்கொண்டு போன கொள்ளையாகப் பதிவு செய்கிறது. மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். பன்னிரண்டு வருடம் கழித்து இங்கேயே செத்துப்போனான். நாவலில் மணிமுடி கிடைக்கும் அத்தியாயம் வரும்போது, அந்த மன்னனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

4. கடல் புறா - சாண்டில்யன்

சாண்டில்யன் (1910 - 1987) பெயரைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். பெண்களை வர்ணிக்க ஆரம்பித்தால் மூன்று பக்கம் தாண்டும், கதை அதுவரை வாசலில் காத்திருக்கும் என்பது அவர் மேல் பழைய புகார். நியாயமான புகாரும்கூட. ஆனாலும் தமிழ் நாவலைக் கடலில் இறக்கிவிட்டவர் அவர்தான். குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாகமாக வெளியான 'கடல் புறா', கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கிக் கடாரம், ஸ்ரீவிஜயம் என்று போகும். கப்பல் கட்டுவது, காற்றைக் கணிப்பது, கடற்போர் வியூகம் எல்லாம் இதில் வருவதுபோல் விறுவிறுப்பாக வேறு தமிழ் நாவலில் வருவது அரிது.

கதாநாயகன் இளையபல்லவன் வேறு யாரும் இல்லை, ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடும் கருணாகரத் தொண்டைமான். முதலாம் குலோத்துங்கனின் தளபதி, கலிங்கப் போரில் வென்றவன். பரணியிலிருந்து எடுத்த கடன் அவ்வளவுதான். சீனக் கடற்கொள்ளைத் தலைவன் அகூதாவோடு பழகியது, கடல் புறா என்ற கப்பல் கட்டியது எல்லாம் சாண்டில்யனின் முதல்.

இருந்தாலும் அவர் அந்தரத்தில் கோட்டை கட்டவில்லை. 1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவின் சுங் அரசவைக்குப் போனதைச் சீனர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்தின் நிலங்களுக்கு வரி விலக்கு வேண்டும் என்று கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டதையும், குலோத்துங்கன் கொடுத்ததையும் 1090ஆம் ஆண்டின் ஆனைமங்கலச் சிறிய செப்பேடு சொல்கிறது. ஆக, நாவலில் வாளும் முத்தமுமாக வரும் அந்தக் கடல், நிஜத்தில் வரிச்சலுகையும் தூதுக்குழுவுமாக இருந்தது. இரண்டையும் படித்தால்தான் சோழர் காலக் கடல் முழுசாகத் தெரியும்.

5. மானுடம் வெல்லும், வானம் வசப்படும் - பிரபஞ்சன்

இதுவரை சொன்ன நாவல்களில் ராஜாவும் ராணியும் தளபதியும்தான். இந்த இடத்தில் வாசகர் ஒரு வளைவு திரும்ப வேண்டும். பிரபஞ்சன் (1945 - 2018) எழுதிய இந்த இரண்டு நாவல்களும் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் நடப்பவை. 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது.

இதன் கடன் யாரிடம் வாங்கியது என்பது வெளிப்படை: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை (1709 - 1761) வியாபாரி, பிறகு பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷ். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, இடையிடையே விட்டாலும் இருபத்தைந்து வருடம் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துணி வியாபாரம் எப்படி, கவர்னர் யார் மேல் கோபப்பட்டார், கவர்னரின் மனைவி யாரிடம் என்ன வாங்கினார், எல்லாமே அதில் இருக்கிறது. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை ஊர் மக்களின் கொதிப்போடு சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் பிள்ளை இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் 1846இல்தான் வெளி உலகத்துக்குத் தெரிந்தன. இல்லாவிட்டால் நமக்கு அந்தப் புதுச்சேரியே இல்லை.

சோழர் கல்வெட்டு ஒரு வரி கொடுக்கும், மீதியை நாவலாசிரியர் இட்டு நிரப்ப வேண்டும். பிரபஞ்சனின் சிக்கல் நேர் எதிர். அவர் கையில் இருந்தது பல தொகுதி டைரி. எதை விடுவது என்பதுதான் அவர் வேலை. டைரி எழுதியவர் பெரிய இடத்து மனிதர். தாசிகள், அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், போரில் ஊரை விட்டு ஓடிய ஜனங்கள் ஆகியோர் டைரியில் ஓரமாக வந்துபோகிறார்கள். பிரபஞ்சன் அவர்களைக் கதைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவிட்டார். அவர் போட்ட சொந்த முதல் அதுதான்.

6. காவல் கோட்டம் - சு. வெங்கடேசன்

2008இல் வெளிவந்தது, 2011இல் சாகித்ய அகாதெமி பரிசு. ஆயிரம் பக்கத்துக்கு மேல். மாலிக் கபூர் படையெடுப்புக் காலத்து மதுரையில் ஆரம்பித்து, நாயக்கர் ஆட்சி, கம்பெனி ஆட்சி என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய அறுநூறு வருடம். இதில் ஒரு பகுதியை வைத்துத்தான் வசந்தபாலனின் 'அரவான்' (2012) படம் எடுக்கப்பட்டது. எடுத்தவுடனே இதைப் படிக்க ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. முதல் இருநூறு பக்கத்தைப் பொறுமையாகத் தாண்டினால் தாதனூர் என்ற கள்ளர் கிராமம் உங்களை விடாது.

ஊர்க்காவலும் களவும் வாழ்க்கையாக இருந்த ஒரு சமூகத்தை, புதிதாக வந்த போலீசும் சட்டமும் எப்படி 'குற்றவாளிகள்' ஆக்கின என்பதுதான் நாவலின் முதுகெலும்பு. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த குழந்தையே குற்றவாளி என்று சொல்லும் சட்டம். இங்கே அது ஒழிந்தது 1947இல்தான்.

இந்த நாவலுக்குச் சாட்சி தேட அருங்காட்சியகம் போக வேண்டாம். மதுரைக்குள் நடந்தாலே போதும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடிக்க முடிவு செய்தார். அந்த வேலையில் உதவிய மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கலெக்டரின் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். தீபாவளிக்குத் துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போகிறவர்கள் தினமும் சரித்திரத்தின் மேல்தான் நடக்கிறார்கள்.

இதே வரிசையில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976), கழுகுமலை (1895), சிவகாசி (1899) கலவரங்களைப் பேசும் பூமணியின் 'அஞ்ஞாடி' (2012, சாகித்ய அகாதெமி 2014) இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கோபல்ல கிராமம் மிகச் சின்னது, இரண்டே நாளில் முடித்துவிடலாம். அஞ்ஞாடிக்கு ஒரு கோடை விடுமுறை வேண்டும்.

எந்த வரிசையில் படிப்பது?

புதிதாகப் படிப்பவர்கள் பொன்னியின் செல்வனில் தொடங்கி, சிவகாமியின் சபதம், பிறகு கடல் புறா அல்லது வேங்கையின் மைந்தன் என்று போகலாம். ராஜாக்கள் அலுக்கும்போது (கட்டாயம் அலுக்கும்!) கோபல்ல கிராமம். அதன் பிறகு பிரபஞ்சன். கடைசியில் காவல் கோட்டமும் அஞ்ஞாடியும். இந்த வரிசையில் போனால் ஒன்று கவனத்துக்கு வரும். நாம் அரண்மனையிலிருந்து மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கி வந்திருப்போம். தமிழ்ச் சரித்திர நாவலும் கடந்த எண்பது வருடத்தில் அதே பாதையில்தான் இறங்கி வந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு கணக்கு பார்க்க வேண்டும்?

"கதைதானே, ரசித்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கலாம். கதையாக மட்டும் இருந்தால் கேட்டது சரிதான். ஆனால் இந்த நாவல்கள் கதையாக மட்டும் இல்லையே! வந்தியத்தேவன் எங்கள் ஜாதி, ராஜராஜன் எங்கள் ஜாதி என்று போஸ்டர் ஒட்டும் ஊர் இது. நாவலில் வந்த வசனத்தைச் சரித்திர ஆதாரமாக மேடையில் பேசுகிறார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் சோழர் சரித்திரத்தின் மீதி முழுவதையும் நம்மில் பெரும்பாலோர் நாவலிலிருந்துதான் கற்றோம். அப்படியிருக்கும்போது, எது கல்லில் இருப்பது, எது காகிதத்தில் பிறந்தது என்று தெரியாமல் இருப்பது ஆபத்து.

இதில் நிஜ மனிதர்களுக்கு நேரும் அநியாயமும் உண்டு. பழுவேட்டரையர்கள் இருந்தவர்கள். அவர்கள் அரசுக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு ஆதாரம் கிடையாது. ஆனால் இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் சதிகாரர் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. உத்தம சோழர் விஷயத்தில் சரித்திர ஆசிரியர்களே இரண்டு கட்சி. ஆயிரம் வருடம் முன்னால் செத்துப்போனவர்கள் வந்து மான நஷ்ட வழக்குப் போடப்போவதில்லை என்பதால், அவர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் நம்பிவிடலாமா?

கல்கி இதில் நேர்மையாகவே நடந்துகொண்டார். நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். தன் கற்பனையை யார் தலையிலும் சரித்திரம் என்று கட்டவில்லை, கட்டிக்கொண்டது நாம்தான்.

எனவே அடுத்த முறை ஒரு சரித்திர நாவலை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் இருந்தவர்கள், வலது பக்கம் பிறப்பிக்கப்பட்டவர்கள். சந்தேகம் வரும் பெயருக்குப் பண்டாரத்தாரையோ நீலகண்ட சாஸ்திரியையோ நூலகத்தில் புரட்டுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறுங்கள். வீராணம் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்று வந்தியத்தேவனின் குதிரையை நினைத்துக்கொண்டு, அங்கிருந்து அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். எழுத்து சட்டென்று பிடிபடாது. ஆனால் ரவிதாசன் என்ற பெயர் அங்கே இருக்கிறது. நந்தினி என்ற பெயர் இல்லை.

முதல் கேள்விக்கு அந்தச் சுவரே பதில். இரண்டாவது கேள்விக்கு மேலே ஒரு பட்டியல் இருக்கிறது. படித்துப் பாருங்கள்!